பூமாலை ஓட்டை போட்ட கொப்பரை

எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டு ஓய்ந்துவிட்டால் பூமாலைக்கு மணல் வேலைதான். கோடையில் சின்னாற்றுக்குள் லாரிகள் இறங்கும். அவள் கூடை சுமப்பாள். அதிகம் பேசமாட்டாள். சாயங்காலம் கரையேறும்போது, தோண்டிப் போட்ட குழிகளைத் திரும்பிப் பார்ப்பாள். கரையோர வேலமரத்துக்குக் கீழே இருந்த குழியில் ஒரு லாரியே மறைந்துவிடும்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் பச்சைமலையில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சின்னாறு செந்நுரை கக்கிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் அழகேசனும் கூட்டாளி வெள்ளைச்சாமியும் வாசலில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். வெல்லம் காய்ச்சும் கொட்டாயில் கிடக்கும் இரும்புக் கொப்பரையை ஆற்றில் தள்ளி, லப்பைக்குடிகாடு வரை போய்விட வேண்டும். வெள்ளத்தில் பரிசல்போலக் கொப்பரை விடுவது அந்த ஊர் ஆண்களுக்குப் பழக்கந்தான். இதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

"நீ முன்னால உக்காந்து பாறைக்குப் பாறை மூங்கிலக் குத்து. நான் பின்னால துடுப்பு. மதியத்துக்கு மீரான் பாய் கடையில பிரியாணி" என்றான் வெள்ளைச்சாமி.

பூமாலை கதவோரம் நின்று சொன்னாள். "வேலமரத்துக்குக் கீழ பெருங்குழி கெடக்கு. தண்ணி அங்க உள்ள இழுக்கும்."

"போன மழைக்கு அங்கதானடி போனேன்?" என்றான் அழகேசன்.

"அப்ப குழி இல்ல."

"தங்கச்சி பயப்படுது மாப்ள. ஒரு சீலையக் குடும்மா, கொடியாக் கட்டிக்கிறோம்!" என்றான் வெள்ளைச்சாமி.

இருவரும் சிரித்தார்கள்.

விடிந்ததும் அவர்களுக்கு முன்னால் கொட்டாய்க்குப் போனாள். கடப்பாரையை ஓங்கிக் கொப்பரையின் அடியில் இறக்கினாள். துருப்பிடித்த தகடு கிழிந்தது. இரண்டாவது குத்துக்குள் அழகேசன் வந்து அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். பிறகு தலைத்துண்டைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தான்.

"இப்பவும் போவேன். பாத்துக்க."

கொப்பரையை இழுத்துப்போய்த் தண்ணீரில் தள்ளினார்கள். வெள்ளைச்சாமி கயிற்றைப் பிடித்திருந்தான். அழகேசன் ஒரு காலை உள்ளே வைத்தபோது, பூமாலை பின்னாலிருந்து மறு காலைக் கட்டிக்கொண்டாள். துடுப்பால் முதுகில் அடித்தான். விடவில்லை. வாயில் அடித்தான். ரத்தம் கொட்டியது. அவன் கெண்டைக்காலைக் கடித்து இழுத்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

கொப்பரை உதறிய உதறலில் கயிறு வெள்ளைச்சாமியின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

வெறும் கொப்பரை நுரைமேல் எகிறி எகிறி ஓடியது. வேலமரத்தருகில் நின்று சுழன்றது. செங்குத்தாக எழுந்தது. ஆறு அதை வாய்க்குள் போட்டுக்கொண்டது. வெகுநேரம் கழித்துக் கீழே பாறையில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. நசுங்கிய தகடாக வெள்ளம் அதை மேலே எற்றி உருட்டிக்கொண்டு போனது.

வெள்ளைச்சாமி கிழிந்த கையைப் பார்க்கவே இல்லை. அழகேசன் சேற்றிலிருந்து எழுந்தான்.

"வா புள்ள, வூட்டுக்குப் போவலாம்" என்றான் மெதுவாக.

பூமாலை ரத்தத்தைத் துப்பினாள். நாக்கால் துழாவிப் பார்த்தாள். முன்பல் ஒன்று இல்லை.

"என் பல்லத் தேடிக் குடு. அப்பறம் வரேன்."

அவன் மண்டியிட்டுச் சேற்றைத் துழாவ ஆரம்பித்தான். அவள் போதும் என்று சொல்லவில்லை.