மீன் வாங்கப் போன டாக்டர்

சிட்லபாக்கத்தில் வளர்ந்த மிருதுளாவுக்கு எம்.டி. படிக்கும்போது விடாத இருமல் பிடித்தது. வார்டு வேலையின் களைப்பு என்று விட்டுவிட்டாள். எடை இறங்கி, மாலையானால் காய்ச்சலும் வரத் தொடங்கிய பிறகுதான் சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

அப்பா சுந்தரராமன் வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "வரன் பார்க்கற நேரம்மா. யார் கேட்டாலும் டைபாய்டுன்னு சொல்லிடலாம்."

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானாள். பெண் பார்க்க வந்த ஸ்ரீவத்சனிடம் மட்டும் மறைக்காமல் சொன்னாள். "இப்ப சரியாயிடுச்சு இல்ல?" என்று கேட்டுவிட்டு அவன் காபியைக் குடித்தான். கல்யாணம் நடந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சு வெளியே போகவில்லை.

தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டும் போகாமல், தாம்பரத்தில் அரசு காசநோய்ப் பிரிவில் சேர்ந்தாள் மிருதுளா. எக்ஸ்ரே வண்டியோடு மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்குப் போவாள். மாத்திரையைப் பாதியில் விட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பாள். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

போன வருடம் புஷ்பலதா மாத்திரை வாங்க வருவதை நிறுத்தினாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து கிழக்குத் தாம்பரத்தில் மீன் விற்பவள். மிருதுளாவும் நர்ஸ் பியூலாவும் அவள் வீட்டுக்கே போனார்கள்.

"மாத்திரைய துன்னு இன்னா ஆவப்போது?" என்றாள் புஷ்பலதா. "ஆஸ்பத்திரிக்கு வந்ததை எவளோ பாத்துட்டா. இப்ப என் கடையாண்ட ஒரு ஈ கூட வரமாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது."

ஆரம்பத்தில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதால் சளியில் கிருமி இல்லாமல் போயிருந்தது. இப்போதே நிறுத்தினால் திரும்பிவிடும். மிருதுளா சற்று யோசித்தாள். "உங்க கடைக்கு நான் வரட்டுமா? உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"வாயேன். யாரு வேணான்னா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பியூலாவோடு போனாள். பக்கத்துக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. புஷ்பலதா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து மீன் சாப்பிடாத மிருதுளா ஒரு மீனைக் காட்டி, "இந்தச் சங்கரா ஒரு கிலோ குடுங்க" என்றாள். புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சங்கரா இல்ல டாக்டரம்மா, கெளுத்தி."

முந்தின நாள் மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்த ஒரு பெண், அடையாளம் தெரிந்து மிருதுளாவை ஓரமாக இழுத்தாள். "மேடம், அந்தம்மாவுக்கு டிபின்னு சொல்றாங்களே, நெஜமா?"

"யாருக்கு என்ன வியாதின்னு நான் சொல்லக்கூடாது. என்னைப் பத்தி வேணா சொல்றேன்," என்றாள் மிருதுளா. குரலைத் தாழ்த்தவில்லை. "படிக்கிற காலத்துல எனக்கு டிபி வந்துச்சு. மாத்திரை சாப்பிட்டேன், போயிடுச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டேன், பொண்ணு காலேஜ் போறா. நேத்து உங்க பையனுக்கு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்ததும் நான்தானே?"

அந்தப் பெண் முகம் சிவந்துபோய் நகர்ந்தாள். மிருதுளாவுக்கு மனசு விசித்திரமாக லேசாகியிருந்தது. மீன் பையை பியூலா வாங்கிக்கொண்டாள்.

பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் கடைக்குத் திரும்பி வந்துவிடவில்லை. சிலர் வந்தார்கள். புஷ்பலதா மறுநாளே மாத்திரையை மறுபடி தொடங்கி, முழுசாக முடித்தாள். கடைசியாகச் சோதனைக்கு வந்த அன்று, தன் நாத்தனார் குப்பம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"ரெண்டு மாசமா இருமிகினு கீறா. வெக்கப்படறா. நீயே கேளு டாக்டரம்மா."

மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க அக்கா," என்றாள்.