தாத்தாவின் வண்டியில் பிறந்த குழந்தை இன்று எங்கள் வீட்டுக்கு வந்தது!

இன்று காலை கேட்டைத் திறந்தால், ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சேலை அம்மா இறங்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டுனாரே, சேலியமேட்டுக்காரரு... அவுரு வூடு இதானேம்மா?"

எனக்குக் கை கால் ஓடவில்லை!

போன வாரம் நான் போட்ட பதிவைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக.

என் தாத்தா போன மாதம் காலமானார். நூறைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அவர் இளவட்டமாக இருந்தது பிரெஞ்சுக்காரர் காலம். சேலியமேடும் புதுச்சேரியும் பிரெஞ்சுப் பகுதிதான்; ஆனால் போகிற வழியில் பிரிட்டிஷ் எல்லை குறுக்கிடும். அங்கே ஒரு சுங்கச் சாவடி. (நம் ஊரிலிருந்து நம் ஊருக்குப் போக இரண்டு சர்க்காரிடம் பதில் சொல்ல வேண்டும்!)

ஒருநாள் தாத்தா வைக்கோல் வண்டி ஓட்டிப் போகும்போது, சாலையோரம் ஒரு கர்ப்பிணி வலியில் துடித்துக்கொண்டிருந்தார். கூட அவருடைய அம்மா மட்டும். முன்பின் தெரியாதவர்கள்.

தாத்தா இருவரையும் ஏற்றிக்கொண்டு மாட்டை விரட்டினார்.

சாவடியில் நிறுத்திவிட்டார்கள். வைக்கோலுக்குள் கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பது வழக்கம். காவலர் கம்பியோடு வந்தார்.

தாத்தா குறுக்கே நின்றுவிட்டாராம்.

"உள்ள புள்ளத்தாச்சி படுத்துனு இருக்காங்கய்யா. குத்தணும்னா என்னைக் குத்து!"

அதற்குள் வண்டியிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. ஆனால் அழவில்லை.

உயிர் இருக்கிறதா என்றே தெரியாத குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். கன்னியாஸ்திரிகள் உள்ளே வாங்கிக்கொண்டார்கள். வண்டியும் மாடும் இரவல். உடனே திரும்ப வேண்டிய கட்டாயம்.

பிறகொரு நாள் போய் விசாரித்தார். ஒரு மதர் பிரெஞ்சில் ஏதோ சொன்னாராம். தாத்தாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கேட்டுச் சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை.

அவ்வளவுதான். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

உயிர் போகிற அன்று அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொயந்த அழுதுச்சா?" என்றார்.

"அழுதுச்சு தாத்தா. நல்லா கத்துச்சு."

வேறென்ன சொல்வேன்?

முகம் அப்படியே தெளிந்தது. அதன்பின் அவர் பேசவில்லை.

சாகிற மனிதரிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்கு ஒரே உறுத்தல். அதனால்தான் அந்தப் பதிவு. நீங்களும் ஷேர் செய்து தள்ளினீர்கள்.

இன்று வந்தவர் பெயர் பிலோமினா. வில்லியனூர்ப் பக்கம். பதிவைப் பேரன் படித்துக் காட்டினானாம். மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் அத்தை, தாத்தாவின் மூத்த மகள், என் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னாடி, யாரோ வந்து கதை வுடுறாங்க. நம்பாத."

பிலோமினா அம்மாவுக்குக் காது கூர்மை!

"கதை இல்லம்மா. கம்பியோட நின்னாரே சாவடிக்காரரு, அவுரே தலப்பாவ அவுத்துக் குடுத்தாராம், என்னைச் சுத்த. எங்கம்மா அந்தத் துணிய ரொம்ப நாளு வெச்சினு இருந்துச்சு."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகை விஷயத்தை நான் பதிவில் எழுதவே இல்லை. தாத்தா வீட்டில் மட்டும் சொன்னது!

நான் கேட்டேவிட்டேன்.

"அம்மா... நீங்க எப்ப அழுதீங்க?"

"ஆஸ்பத்திரி உள்ள போனதுமே கத்துனேனாம். மதருங்களே பயந்துட்டாங்களாம்! அந்தத் தம்பிகிட்ட சொல்லலாம்னு எங்க ஆயா, எங்கம்மாவப் பெத்தவங்க, வெளிய ஓடியாந்து பாத்தா, வண்டி போயிடுச்சாம்."

அப்போது வந்த அழுகை, தாத்தா போன அன்றுகூட எனக்கு வரவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை!

பிலோமினா அம்மா மாலை வாங்கி வந்திருந்தார். படத்துக்குப் போடப் போனவரை அத்தை தடுத்தார்.

"இருங்க, நான்தான் மூத்த பொண்ணு. மொதல்ல நான் போட்டுர்றேன்."

"யாரு மூத்தவ? அவுரு வண்டியில நான் பொறக்கும்போது அவுருக்குக் கல்யாணமே ஆவல. தள்ளிக்க!"

துக்கம் நடந்த வீட்டில் அன்றிலிருந்து முதல் சிரிப்பு. அத்தையே தள்ளி நின்று வழிவிட்டார்.

ஷேர் செய்த ஒவ்வொருவருக்கும் நன்றி. உங்களால்தான் எழுபது வயதுக்கு மேல் என் அத்தைக்கு ஓர் அக்கா கிடைத்திருக்கிறார்.

(சாப்பிடும்போதே மீன்குழம்பில் புளி ஜாஸ்தி என்று சண்டை ஆரம்பித்துவிட்டது!)