மீன் நம்ம ஊருது இல்ல

ஃப்ரேடல் ஜுக்கருக்கு வாய் கொஞ்சம் நீளம். போலந்தில் நாஜிகள் நடத்திய யூத அழிவில் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் தன்னந்தனியாக நியூயார்க்கில் வந்து இறங்கினாள். அந்த வாய் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஆர்ச்சர்டு தெருவில் கோர்ன்பிளிட்டின் மீன் கடையில் ஒரு வருஷம் பொட்டலம் கட்டினாள். கத்தி ஆண்களின் கையில்தான். உப்பில் ஊறிய சால்மன் மீனைக் காகிதமாகச் சீவத் தெரிந்தவனுக்கே அங்கே மதிப்பு, சம்பளமும் கூடுதல். அந்த வேலை கிடைத்தால் தூரத்து உறவுக்காரர் வீட்டுச் சோபாவை விட்டு, தனி அறை ஒன்று பார்த்துக்கொள்ளலாம். 1949 வசந்தத்தில் சீவுகிற ஆள் ஒருவன் நின்றுவிட, முதலாளி இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கறேன். மெல்லிசா சீவு. வர்றவங்க ஊர்க்கதை சொன்னா தலையை ஆட்டு. வாயத் தொறக்காத."

ஞாயிறு காலையில் தெருவே கடைக்குள் நின்றது. பேகல் என்கிற வளைய ரொட்டியைக் குறுக்கே அறுத்து, கிரீம் சீஸை வஞ்சனையில்லாமல் தடவி, மேலே இந்த மீனை வைக்காவிட்டால் எங்கள் யூத ஆட்களுக்கு ஞாயிறு விடியாது. வாரம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும்கூட அதற்காக ஒரே மேசையில் உட்காருவார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சீவிவிட்டாள். ஒரு குறையும் வரவில்லை. அடுத்து வந்தவள் திருமதி நாடல்மன், கடையின் பழைய வாடிக்கை. கூடவே கல்யாணம் நிச்சயமான மகள்.

"இன்னும் மெல்லிசா, கண்ணு. டோப்ரவ்காவுல எங்கம்மா ஞாயித்துக்கிழமை தவறாம இதைத்தான் குடுப்பா."

டோப்ரவ்காதான் ஃப்ரேடல் பிறந்த ஊர்.

"டோப்ரவ்காவுல சால்மனா? நாங்க ஆறு பேரு ஒரே ஒரு ஹெர்ரிங் மீனப் பங்கு போட்டுத் தின்னோம். இது இங்க பசிபிக் கரையிலேர்ந்து பீப்பாயில ரயிலேறி வந்த மீனும்மா. மலிவாக் கெடைச்சுது, நம்மாளுங்க புடிச்சுக்கிட்டாங்க."

"அப்ப நீ சொன்னதெல்லாம்?" என்று மகள் அம்மாவைப் பார்த்தாள்.

திருமதி நாடல்மனின் முகம் செத்துவிட்டது. "நாலு வயசுல சித்தி என்னைக் கப்பலேத்திட்டா. அம்மா முகங்கூட ஞாபகம் இல்ல. புள்ளைங்க கேட்டா ஏதாவது சொல்லணும்ல."

ஃப்ரேடலுக்குத் தன் நாக்கையே சீவிப் போடலாம்போல் இருந்தது. வேலை போனது போகட்டும், ஒருத்தியின் அம்மாவையும் அல்லவா பிடுங்கிவிட்டாள்.

"உங்கம்மா பேரு என்ன?"

"பெய்லா ஸ்க்ராபெக்."

"சந்தையில கோல்ல கோத்து பேகல் விப்பாளே, அந்த பெய்லாவா? புருவத்துல தழும்பு இருக்கும். நான் பள்ளிக்கூடம் போறப்ப ஒடைஞ்ச பேகல என் கையில திணிப்பா. 'எனக்கும் ஒருத்தி இருக்கா, கடலுக்கு அந்தப் பக்கம்'னு சொல்லுவா. மீன் நம்ம ஊருது இல்லம்மா. பேகல் உங்கம்மாவோடது."

கத்தியைப் பிடுங்க வந்த கோர்ன்பிளிட்டைத் திருமதி நாடல்மன் கை நீட்டித் தடுத்தாள்.

"இனி எனக்கு இவதான் சீவணும்." பிறகு ஃப்ரேடலிடம், "எப்படிக் கூவி விப்பா? கூவிக் காட்டு" என்றாள்.

கரகரத்த குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி, "பேகல், சூடான பேகல்" என்று கூவினாள் ஃப்ரேடல்.

திருமதி நாடல்மன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள்.