யாருக்கு லீவு?

1

பிரபு போனைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நம்ம கத முடிஞ்சிது" என்றார்.

சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர் முதலாளி. நான் ஸ்டெல்லா, அங்கே டாகுமென்டேஷன் எழுதுபவள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். இதற்கு முன் பல வருஷம் மோட்டார் பம்புக்கும் மிக்சிக்கும் மேனுவல் எழுதினேன். வாங்கியவர்கள் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை, அலமாரித் தட்டில் விரித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போனில் பேசியவர் சிதம்பரத்து ஷேர் புரோக்கர் ராஜமாணிக்கம். அவருடைய வாடிக்கையாளர்கள் பங்கு விலை கேட்டால் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்திருந்தோம். வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கி வெலைய கேட்டா நேத்து வெலைய சொல்லுதாம். நேர்ல வந்து காட்டுங்க, அப்பவும் தப்பா சொன்னா வேணாம்னுட்டாரு. இந்த ஆர்டர் போச்சின்னா ஆபீச சாத்திட்டு மெட்ராஸ் போவ வேண்டியதுதான்" என்றார் பிரபு.

அவர் போவார். இந்த வயதில் மெட்ராஸில் எனக்கு யார் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்?

2

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விலையைக் கொண்டுவருவது ஒரு டூல். அதைக் கூப்பிடுவது ஏஜென்ட். டூலுக்குள் ஓடும் புரோகிராம் ஏஜென்ட்டுக்குத் தெரியாது. டூலோடு சேர்த்து எழுதி வைத்த டிஸ்கிரிப்ஷனை, அதாவது விளக்கக் குறிப்பைத்தான் படிக்கும். அதில் இருப்பதுதான் அதற்கு வேதவாக்கு.

எங்கள் டூலுக்கு ஆங்கிலத்தில் இரண்டே வரி இருந்தது. தமிழில் சொன்னால், "பங்கின் விலையைத் தரும். விடுமுறை என்றால் டூலுக்கு முந்தைய நாளின் தேதியை அனுப்பவும்." புரோகிராமர்கள் அவசரத்தில் எழுதியது. நான் விரிவாக எழுதித் தருகிறேன் என்றபோது, "அத யாரு படிக்கப் போறாங்க அக்கா?" என்று பிரபு சிரித்துவிட்டார்.

இப்போது அவர்கள் டேட்டாவைத் துருவினார்கள், சரியாக இருந்தது. புரோகிராமைத் துருவினார்கள், அதுவும் சரி. நான் தப்பாகப் பதில் போன கேள்விகளை வாங்கி வாய்விட்டுப் படித்தேன். எல்லாம் ஒரே நாளில் வந்தவை.

"சார், இன்னிக்கி தரிசனத்துக்கு லீவு, வூட்லதான் இருக்கேன். நம்ம சிமெண்ட் ஷேர் என்னா வெல?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்" என்று ஆரம்பித்திருந்தார் இன்னொருவர்.

"மொதல்ல இருக்கறது சும்மா பேச்சு அக்கா. கேள்வி கடைசிலதான் இருக்கு" என்றார் பிரபு.

"ஒங்களுக்குத்தான் அது சும்மா பேச்சு. ஏஜென்ட்டு ஒரு எழுத்து விடாம படிக்குது. லீவுன்னு பாத்ததும் முந்தின நாள் தேதிய டூலுக்கு அனுப்பிடுது. ஆருத்ரா தரிசனத்துக்கு நம்ம மாவட்டத்துக்கு லீவு. பம்பாய்ல இருக்கற மார்க்கெட்டுக்கு என்னா லீவு? நம்ம ஆபீசும் அன்னிக்கி லீவுதான? ஒங்க வூட்டுலேந்து குடுத்த களிய தின்னுட்டு நான் படுத்துக் கெடந்தேனே!"

 பிரபு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

3

அன்றே உட்கார்ந்து எழுதினேன். மோட்டார் பம்புக்குக் கூட அவ்வளவு ஆசையாக எழுதியதில்லை. பேசுபவர் லீவு என்று சொன்னால் அது அவருக்கு லீவு, சந்தைக்கு அல்ல. தேர், திருவிழா, உள்ளூர் விடுமுறை எதையும் வைத்துத் தேதியை ஊகிக்காதே. இன்றைய விலை கேட்டால் தேதியைக் காலியாக விடு, சந்தை நடக்கிறதா என்பது டூலுக்குத் தெரியும். எந்த நாளின் விலை என்பதைப் பதிலில் சொல். கம்பெனிப் பெயர் சந்தேகமாக இருந்தால் திருப்பிக் கேள். விதிக்கு ஓர் உதாரணமும் சேர்த்தேன். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ராஜமாணிக்கம் கடைக்கு நானும் பிரபுவும் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, வேண்டுமென்றே இல்லாத லீவைச் சொல்லிக் குழப்பித் தமிழில் அடித்தார்: "இன்னிக்கி மாசி மகம், எனக்கு லீவு, கடையயும் சாத்திட்டேன். சிமெண்ட் ஷேர் என்னா வெல?"

பதில் வந்தது. எந்தக் கம்பெனி என்று முதலில் கேட்டது; பெயரை அடித்ததும், அவருடைய டெர்மினல் திரையில் ஓடிய அதே விலையைச் சொன்னது. சந்தை இன்று நடக்கிறது என்ற குறிப்பும் இருந்தது.

விடாமல், "ஞாயித்துக்கெழம வெல என்னா?" என்று அடித்தார். அன்று சந்தை இல்லை, வெள்ளிக்கிழமை முடிவு விலை இது என்று பதில் வந்தது.

"ஏம்மா, என்னா மந்திரம் போட்ட?"

"மந்திரம் இல்ல சார், எழுதி வச்சேன்."

"எழுதி வச்சா கேக்குதா! எங்கூட்ல வாயால சொன்னாலே யாரும் கேக்கறதில்ல. உக்காரும்மா, காபி சொல்றேன்." அந்தக் காபியோடு ஆர்டரும் வந்தது. திரும்பும் வழியெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இதில் நான் கற்றது ஒன்றுதான். 'விடுமுறை' என்று ஒரு சொல்லை எழுதினால் அது யாருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் நமக்குச் சரியாக இருப்பது சந்தைக்குச் சரியாக இருக்காது.

போன வாரம் அடுத்த டூலுக்கான வேலை தொடங்கியது. புரோகிராமர்கள் லேப்டாப்பைத் திறந்தார்கள். பிரபு மூடச் சொன்னார்.

"இருங்கப்பா. அக்கா மொதல்ல எழுதட்டும். அத படிக்கறதுக்கு ஆள் இருக்கு."