முடி விழாத அறை

"கைய விரிங்க. இன்னும் கொஞ்சம்." வாசலிலேயே நிறுத்தி, தோள், முதுகு, காலர் என்று ஒட்டுநாடா உருளையை உருட்டி எடுத்த பிறகுதான் மொட்டை அண்ணன் யாரையும் உள்ளே விடுவார். இயக்குநருக்கும் விலக்கில்லை.

புரதத் துண்டுகளை எடைபோட்டு, இன்ன புரதம் என்று பெயர் சொல்லும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் எவர் இலையைப் பிழிந்தாலும் சாறு அங்கேதான் வந்தாக வேண்டும். அதில் ஒரு முடி, ஒரு பொடுகு விழுந்தால் போதும். "மிஷின் செடியப் பத்திப் பேசாது. உங்க தலையப் பத்திதான் பேசும்" என்பார். அதற்காகவே தன் தலையை வாராவாரம் மழித்துக்கொள்கிறார். "கல்யாணத்தப்போ சுருள் சுருளா இருந்துச்சு. எல்லாத்தையும் ஆபீசுக்கே எழுதி வச்சிட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி போட்டுக்கொடுப்பார்.

இயந்திரம் கரகரத்தால், "கோச்சுக்காத கண்ணு, இன்னும் ரெண்டே ரெண்டு" என்று தட்டிக்கொடுப்பார்.

சென்ற மாதம் இலைக்கார அக்கா வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆராய்ச்சியாளர். தண்ணீரில்லாமல் செடி வாடும்போது இலைக்குள் ஒரு நொதி கண்விழிக்கிறது. அது எந்தப் புரதத்தை வெட்டுகிறது என்று நான்கு வருடமாகத் தேடுகிறார். மூன்று முறை பார்த்தாயிற்று. மூன்று முறையும் பட்டியலின் உச்சியில் முடிப் புரதம். மிச்சமிருந்தது ஒரே ஒரு சிமிழ் இலைத்தூள்.

"தொப்பி போட்டுட்டுதான் செஞ்சேன் தம்பி. கையுறைகூட ரெண்டு ஜோடி."

மொட்டை அண்ணன் அன்று சாப்பிடவும் போகவில்லை. பழைய பட்டியலில் இருந்த முடிப் புரதத்தை மனித முடியோடு நிறுத்தாமல் மிருகங்களின் முடியோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். திடீரென்று தொடையைத் தட்டினார்.

"அக்கா, இது உங்க முடி இல்ல. ஆட்டு முடி!"

அக்கா குனிந்து, இலைத்தூளைக் கரைக்கும் குளிர் அறைக்காகப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்தார். "எங்கம்மா பின்னிக் குடுத்ததுப்பா..."

"அம்மா மேலயும் தப்பில்ல, ஆட்டு மேலயும் தப்பில்ல. கழட்டிருங்க."

பற்கள் தந்தியடிக்க, அக்கா குளிர் அறையில் அந்தக் கடைசிச் சிமிழைத் திறந்தார். மறுநாள் மதியம் இயந்திரம் ஓடி முடித்தது. மொட்டை அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நாலு வருஷம் தேடுனது நீங்க. மொதல்ல நீங்க பாருங்க."

அக்கா உட்கார்ந்து, பட்டியலின் உச்சியிலிருந்து விரலை ஓட்டினார். பிறகு, "இலைத்துளையத் திறந்து வைக்கிற புரதம், தம்பி! அதத்தான் வெட்டுது! துளை மூடிக்கும், தண்ணி வெளிய போகாது!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் முறை சத்தமாக வாசித்து முடிக்கும்வரை அவர் திரும்பவேயில்லை.