கல்வாழை இலைச் சுருள்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தமிழை எழுத்துக்கூட்டி எழுதுவேன். ஜெர்மன் எழுத்து மட்டும் பிடிபடவே இல்லை. அதை ஒருவருக்கும் தெரியவிடாமல்தான் ஜெர்மனியில், கொலோன் நகருக்குப் பக்கத்துப் பூங்கா ஒன்றில், வண்ணத்துப்பூச்சிக் கூடத்தில் பத்து வருடம் துப்புரவு வேலை செய்தேன். என் வேலையில் குறை சொன்னவர் இல்லை.

ஒருநாள் காலை கல்வாழையில் நாலைந்து இலைகள் ஓரம் கடிபட்டு, சுருண்டு, அலங்கோலமாகக் கிடந்தன. தண்டில் ஏதோ கடதாசி கட்டியிருந்தது. இலைகளைக் கத்தரித்துக் குப்பைப் பையில் போட்டேன்.

பூச்சிகளைப் பராமரிக்கிறவள் ஒரு மன்னார்ப் பிள்ளை. வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அக்கா, இந்த இலையள் எங்க?"

"பழுதாப் போச்சுது பிள்ளை, வெட்டிப்போட்டன்."

"ஐயோ, அதுக்குள்ள தென்னமெரிக்காப் புழுவெல்லோ இருக்கு! வெட்ட வேண்டாமெண்டு எழுதிக் கட்டினனான். வாசிக்கேல்லையோ?"

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

"அப்ப மூக்கில இருக்கிறது என்ன, மூக்குத்தியோ?"

அடுத்த பொய் நாக்குவரை வந்தது. பைக்குள் கிடக்கும் உயிர்களை நினைத்து அதை விழுங்கினேன்.

"எனக்கு இவங்கட எழுத்துத் தெரியாது, பிள்ளை."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி, வாங்கோ, தேடுவம்" என்றாள். அவ்வளவுதான்.

பையைக் கொட்டி ஒவ்வொரு சுருளாகப் பிரித்தோம். புழுக்கள் செம்மஞ்சள் தலையோடு இருந்தன. தோல் அவ்வளவு மெல்லியது, தின்ற பச்சை வெளியே தெரிந்தது. புது இலையில் விட்டதும் வாயால் நூல் விட்டு, ஓரத்தை மடித்துத் தங்களுக்கு வீடு தைக்கத் தொடங்கின. ஒன்று மட்டும் ஏற்கெனவே கூட்டுப்புழுவாகியிருந்தது. அதன் இலை வாடி விரிந்திருந்தது.

"இதுக்குத் தைக்க ஏலாதக்கா."

"நான் தைக்கிறன்" என்று கொண்டையூசியைக் கழற்றினேன். புது இலையைச் சுற்றி, அதற்கு நோகாமல் குத்திவிட்டேன்.

பிறகு தினமும் வேலைக்குப் போனதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து வெளியே வந்தது. மண்ணிறம், தடித்த உடம்பு, கொக்கிபோல நுனி வளைந்த உணர்கொம்பு, சிறகில் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைப் புள்ளிகள். மற்ற வண்ணத்துப்பூச்சிகள்போல மிதக்கவில்லை, விர்ரென்று பாய்ந்தது.

"அக்காட பிள்ளை போகுது!" என்று கத்தினாள் அவள்.

அடுத்த கிழமை கல்வாழையில் புதுக் கடதாசி தொங்கியது. எழுத்துக்குக் கீழே முட்டை, புழு, கூடு, பூச்சி என நான்கு படம். ஓரத்தில் குறுக்கே கோடு போட்ட கத்தரிக்கோல். அன்றிலிருந்து அவள் கட்டிய எல்லாக் கடதாசியிலும் படம் இருந்தது. ஏனென்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் வாய்திறந்து நன்றி சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த எழுத்தில் இப்போது எழுதி வைக்கிறேன்.