அடுப்படிக்கு ரெண்டு நாள் லீவு

நான் செய்த வேலைகளில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தந்தது இந்தக் காவல் வேலை ஒன்றுதான். எட்டாவதைப் பாதியில் விட்டவன், பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டினேன், ஊத்துக்கோட்டைப் பக்கம் சூளையில் செங்கல் சுமந்தேன், லாரியில் கிளீனராக ஏறி ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. சூளையில் படுக்குமிடம் சூடாக இருக்கும், லாரியில் படுக்க இடமே இருக்காது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது இருப்பது பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காடு ஏரிக்குப் போகிற வழியில், வயலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே நிற்கிற ஓட்டு வீடு. குடும்பத்தோடு வந்து தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுப் போகலாம். அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், அம்மிக்கல் எல்லாம் உண்டு. சமைத்துப் போட ஆள் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த காவல்காரர் ஆசையாகக் கோழி சமைத்துப் போட்டு, ஒரு குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்ததாம். அன்றிலிருந்து வீட்டுக்கார அம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டார். விருந்தாளி இருக்கும்போது காவல்காரன் கால் அடுப்படி வாசலைத் தாண்டக்கூடாது. அவர் இருப்பது சென்னையில். இங்கே ஒரே ஒரு இரவு தங்கிப் பார்த்தார், கொசு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன் கம்பி உருட்டுகிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். பெண்சாதிக்கு இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் வேலை. ஸ்கூல் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பதே அபூர்வமாம். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தது. அடுப்படியை எட்டிப் பார்த்தது. அப்படியே வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.

"இன்னாய்யா இது? ரிசார்ட்டுன்னு சொல்லி இட்டாந்த. உள்ள அடுப்பு குந்திகினு கீது?"

அந்த ஆள் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் சுபாவமே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தெனம் ஒரு மூட்ட வெங்காயம் உரிக்கிறேன், மூணு ஷிப்ட்டுக்கு. நாளிக்கு சாயங்காலம் வரிக்கும் இந்தக் கதவ நான் தொறக்க மாட்டேன். தொறந்தா என்ன இன்னான்னு கேளு."

கத்திச் சொல்லவில்லை. கேன்டீனில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னது. சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நான் மதியம் படுக்கிற கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டில் போனதே என்று எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

சனிக்கிழமை சமாளித்துவிட்டார்கள். அவர் ஷேர் ஆட்டோவில் பொன்னேரி போய் இரண்டு வேளைக்கும் பரோட்டா கட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி பரோட்டாவைப் பிள்ளைகள் இழுத்துப் பார்த்தார்கள், ரப்பர் மாதிரி வந்தது. ஏரி பக்கத்தில் வந்துவிட்டு எறா, அதாவது இறால், தின்னாமல் போவதா என்று பெரியவள் ஆரம்பித்தாள். கால் கிலோ எறா வாங்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டு வறுத்துவிடலாம், அது ஒன்றும் சமையலே இல்லை என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மொபெட்டில் அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் முடிந்த பிறகு யாராவது வியாபாரப் பெண்ணிடம் சில்லறையாக வாங்கலாம் என்பது என் திட்டம். உங்கள் கம்பெனிப் பேச்சு காதில் விழுந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள், அதனால் வாயைத் திறக்கவே திறக்காதீர்கள் என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டு, வெற்றிலை வாங்கப் போனேன்.

அவர் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. ஏலம் விடுகிற அம்மா ஒவ்வொரு விலையாகக் கூவிவிட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்கும். வேண்டும் என்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். இவரும் மரியாதைக்கு ஆட்டியிருக்கிறார். அந்த அம்மா விலையை ஏற்றியது, மறுபடி இவரைப் பார்த்தது, மறுபடி ஆட்டினார். நான் திரும்பி வந்தபோது அவர் காலடியில் ஒரு கூடை எறா. கால் கிலோ இல்லை, கூடை. மேலே இருந்ததெல்லாம் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

வெளியூர் ஆள், தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு வந்தது.

"ஏலத்துல தல ஆட்னா ஆட்னதுதான் நைனா. வேணாம்னா கழுத்த புட்ச்சிகினு நின்னிருக்கணும்."

கரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே சிரித்தார். பாவம், கையில் இருந்த பணம் கூடைக்குச் சரியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கூடையைப் பார்த்தும் அவர் பெண்சாதி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நடந்ததை நான்தான் சொன்னேன். "ஊட்ல என்கிட்ட தல ஆட்டி ஆட்டிப் பழகினவரு. நான்தாண்ணா அவர கெடுத்து வுட்டேன்" என்றது. ஆனால் அதன் கண் கூடையிலேயே இருந்தது. வெயில் ஏறினால் எறா நாறிவிடும், எனக்குத் தெரியும், கேன்டீன் ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா? கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லாரியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து நான் ஆக்காத குழம்பில்லை. எனக்கும் கை அரித்தது. அவரே தாழ்ப்பாளைத் தள்ளி, பிள்ளைகளோடு கூடையை அடுப்படிக்குள் கொண்டுபோனார். நான் சட்டத்தை நினைத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். கம்பி வழியாகக் கையை நீட்டி ஒரு எறாவைப் பிடித்து, தலையைத் திருகுவது, ஓட்டை உரிப்பது, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுப்பது என்று காட்டினேன். கால்தானே தாண்டக்கூடாது, கையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கம்பெனி ஆள் ஆகிவிட்டார். தரையில் பேப்பர் விரித்து, பெரியவளைத் தலைக்கும் சின்னவளை ஓட்டுக்கும் உட்காரவைத்து, நரம்பைத் தான் எடுத்துக்கொண்டார். ஒருவர் முடித்ததை அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். சின்னவளிடம் எறா குவிந்தால் லைனை நிறுத்திவிட்டு ஆள் மாற்றுவார். என்னைச் சூப்பர்வைசர் என்று கூப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் கூடை காலி. சூளையில் நான் பார்த்த மேஸ்திரிகளைவிட நன்றாக வேலை வாங்கினார். பாதியை இரண்டு வயல் தள்ளி இருக்கிற வீட்டுக்காரர்களின் ஃப்ரிட்ஜில் வைக்கக் கொடுத்தனுப்பினோம்.

அரிசி, எண்ணெய், வெங்காயம் எல்லாம் என்னிடம் இருந்ததை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். சமைப்பதுதான் லைனில் அடங்கவில்லை. எண்ணெய் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று கேட்டார். கருவேப்பிலையைப் போட்டால் கத்த வேண்டும், அதுதான் டிகிரி என்றேன். தீயை முழுதாகத் திறந்துவிட்டார். வெங்காயம் கருகுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து, என்னைத் தாண்டி, வேப்பமரம் வரைக்கும் போயிற்று.

கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன், அந்த அம்மா வேகமாக நடந்து வருகிறது. அடுப்படிக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அதன் மேல் கையை வைத்துவிட்டது.

உள்ளேயிருந்து அவர், கரண்டியும் கையுமாக, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ போய்க் குந்து. கருகினாலும் நாங்கதான துன்னப் போறோம்."

அந்த இரண்டு நாளில் அவர் பெண்சாதியிடம் தலையை ஆட்டாமல் சொன்னது அது ஒன்றுதான். அந்த அம்மா கதவில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை. என்னைப் பார்த்தது. "தீயச் சின்னதாக்கச் சொல்லுண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

கருகின வெங்காயத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வெட்டினார்கள். சோறு குழைந்தது. தொக்கு மூன்று மணிக்கு இறங்கியது. ஜன்னல் வழியாக எனக்கு ஒரு தட்டு வந்தது. காரம் தூக்கலாக இருந்தது. நான் இதைவிட மோசமாகவும் தின்றிருக்கிறேன், நானே சமைத்தது.

பெரியவள் தட்டோடு மரத்தடிக்கு ஓடினாள். அந்த அம்மா ஒருபக்கமாகச் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். எறா வாசனைக்கு வேப்பமரத்தில் காக்கைகள் வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. தட்டை வாங்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சத்தம் போட்டால் அந்த அம்மா எழுந்துவிடும் என்று, வாயைத் திறக்காமல் துண்டை மட்டும் வீசி வீசிக் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவுக்கு இன்னும் நேரம் இருந்தது.